பெட்டியில் பட்டாள நாடா இருந்தால் முதலில் கழுவாதீர்கள்

அம்மப்பாவின் றங்குப்பெட்டியைத் திறக்கிறீர்கள். அடியில் காக்கித் துணியில் தைத்தபடி இரண்டு விரல் அகலத்தில் வண்ணக் கோடு போட்ட பதக்க நாடாத் துண்டு ஒன்று கிடக்கிறது, ஊத்தையாக இருக்கிறது, பூஞ்சண மணம் அடிக்கிறது, கை தன்பாட்டில் சவர்க்காரத்தைத் தேடுகிறது. அந்த இடத்தில் நில்லுங்கள். நான் நிற்கவில்லை. எனக்கு அப்போது 14 வயது, வீட்டில் கலியாணம், பெட்டி துப்புரவாக்கும் வேலை எனக்கு வந்தது, நல்ல காரியம் செய்கிறேன் என்று நினைத்து நாடாவைச் சவர்க்காரத் தண்ணீரில் ஊறப்போட்டேன். பத்து நிமிஷத்தில் சிவப்புச் சாயம் இறங்கி, நடுவில் இருந்த இரண்டு வெள்ளைக் கோடுகளும் ரோசா நிறமாகிவிட்டன. அம்மம்மா ஏசவில்லை. “அது அவரு பட்டாளத்துக்குப் போனதுக்குக் குடுத்தது மனே” என்று மட்டும் சொல்லிவிட்டு அதை எடுத்துப்போய் நிழலில் காயப்போட்டா. அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நம்முடைய பக்கத்தில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மற்ற ஊர்களில் ஒருவர் பட்டாளத்தில் இருந்தார் என்பதற்கு விடுவிப்புக் கடதாசி, சேவைப் புத்தகம், படம், கடிதம் என்று ஏதாவது மிஞ்சியிருக்கும். மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் 1978 நவம்பர் 23 சூறாவளி கூரையோடு பெட்டிகளையும் கொண்டுபோனது, பிறகு இடப்பெயர்வுகள், அப்புறம் 2004 டிசம்பர் 26 சுனாமி. கடதாசி தண்ணீரில் கரைந்துபோகும், துணியும் உலோகமும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். பல வீடுகளில் இப்போது அந்த நாடா ஒன்றுதான் சாட்சி. அதில் இருக்கும் ஒவ்வொரு கோடும் அவர் எங்கே அனுப்பப்பட்டார், எந்த வேலைக்கு அனுப்பப்பட்டார் என்பதைச் சொல்கிறது. வாசிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

கையில் இருப்பது எது என்று முதலில் பாருங்கள்

பதக்கம் வேறு, நாடாப்பட்டை வேறு. பெரிய வைபவங்களில் பதக்கத்தை நாடாவோடு தொங்கவிடுவார்கள். அன்றாட உடுப்பில் பதக்கம் இருக்காது, அந்த நாடாவின் சிறு துண்டை மட்டும் பட்டையாகத் தைத்தோ ஊசி வைத்த தகட்டில் மடித்தோ நெஞ்சில் குத்துவார்கள். ஆகவே பட்டை மட்டும் கிடைத்தால் பதக்கம் தொலைந்துவிட்டது என்று அர்த்தமில்லை, அது இன்னொரு பெட்டியில், பெரிய மாமாவின் வீட்டு அலுமாரியில் இருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

அடிமட்டத்தை வைத்து அகலத்தை அளவுங்கள். பிரித்தானியப் பதக்க நாடா 32 மில்லிமீற்றர் அகலம். அமெரிக்க நாடா 35 மில்லிமீற்றர். மூன்று மில்லிமீற்றர் வித்தியாசம் சின்னதாகத் தெரியும், ஆனால் எந்த நாட்டுப் பட்டாளம் என்று தேடும்போது பாதி வேலையை இது முடித்துவிடும். இலங்கை 1948 வரை பிரித்தானியரின் கையில் இருந்தது, நம்முடைய இராணுவம் 1949 இல்தான் அமைந்தது. ஆகவே இரண்டாம் உலகப் போரில் சேவை செய்த ஒருவரின் நாடா என்றால் அது பிரித்தானிய வரிசையைச் சேர்ந்தது. கீழே அதைப் பற்றித்தான் அதிகம் எழுதுகிறேன், ஏனென்றால் இந்தப் பக்கத்து வீடுகளில் நான் பார்த்தவை கிட்டத்தட்ட எல்லாம் அந்த வரிசைதான்.

நிறங்களை வாசிப்பது

பகல் வெளிச்சத்தில், ஜன்னல் ஓரத்தில் வைத்துப் பாருங்கள். மஞ்சள் பல்பின் கீழ் கருநீலமும் கறுப்பும் ஒன்றாகத் தெரியும்.

கருநீலம், சிவப்பு, இளநீலம் என்று ஒரே அகலத்தில் மூன்று பட்டைகள் இருந்தால் அது 1939–45 நட்சத்திரம் என்ற நட்சத்திர வடிவப் பதக்கத்தின் நாடா. கருநீலம் கடற்படைக்கும் வணிகக் கப்பல்காரருக்கும், சிவப்பு தரைப்படைக்கு, இளநீலம் விமானப்படைக்கு. பொதுவாக ஆறு மாதம் போர்ப் பணியில் இருந்தவருக்குக் கொடுத்தது, விமானத்தில் பறந்தவர்களுக்கு இரண்டு மாதம் போதும்.

ஓரங்களில் கருநீலம், நடுவில் அகலமான சிவப்பு, இரண்டு கருநீலத்துக்குள்ளும் செம்மஞ்சள் கோடு ஒவ்வொன்று. இது பர்மா நட்சத்திரம். செம்மஞ்சள் சூரியனைக் குறிக்கிறது, சிவப்பு பொதுநலவாயப் படைகளை. 1941 டிசம்பர் 11 முதல் 1945 செப்டெம்பர் 2 வரை நடந்த பர்மாப் போருக்கானது. இது இருந்தால் வீட்டில் ஒருவர் அந்தப் போர்முனைக்கென்று அனுப்பப்பட்டிருக்கிறார், ஊரில் சும்மா முகாமில் காவல் நின்றதற்குக் கிடைக்காது. “பர்மாவுக்குப் போனவர்” என்று ஊரில் ஒருவரை அழைத்திருப்பார்கள், பிள்ளைகள் அதைப் பட்டப்பெயர் என்று நினைத்து வளர்ந்திருப்பார்கள், நாடாவைப் பார்த்த பிறகுதான் அது முழு உண்மை என்று விளங்கும்.

மணல் நிறத்தில் நடுவே சிவப்பு அகலக் கோடு, அதன் ஒருபக்கம் ஒடுங்கிய கருநீலம், மறுபக்கம் ஒடுங்கிய இளநீலம் இருந்தால் ஆபிரிக்க நட்சத்திரம். அந்த மணல் நிறம் பாலைவனம். 1940 ஜூன் 10 முதல் 1943 மே 12 வரை வட ஆபிரிக்காவில் ஒரு நாள் சேவை செய்திருந்தாலும் உரித்து. பாதை போடுவது, சுமை இறக்குவது போன்ற வேலைகளுக்கான பயனியர் படைப்பிரிவில் சேர்ந்து மத்திய கிழக்குக்குப் போன இலங்கையர் இருந்தார்கள், ஆகவே நம்ம ஊர்ப் பெட்டியில் பாலைவன நாடா வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். அதன் மேல் சின்ன வெள்ளி இலக்கம் 8 குத்தியிருந்தால் எட்டாவது இராணுவம், 1 என்றால் முதலாம் இராணுவம். ஊத்தை என்று நினைத்து அந்த இலக்கத்தைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள்.

நடுவில் செம்மஞ்சள், இரண்டு ஓரமும் பச்சை, பச்சைக்குள் மெல்லிய கறுப்புக் கோடு இருந்தால் பாதுகாப்புப் பதக்கம். செம்மஞ்சள் குண்டுத்தாக்குதலின் தீ, பச்சை பிரித்தானிய நிலம், கறுப்பு, எதிரி விமானத்துக்குத் தெரியாமல் விளக்குகளை அணைத்து வைத்த அந்த நாள் இருட்டடிப்பு. நேரடிப் போர்முனைக்கு வெளியே, விமானத் தாக்குதலுக்கு இலக்காகக்கூடிய இடங்களில் வேலை செய்தவர்களையும் மனதில் வைத்து உண்டாக்கிய பதக்கம் இது.

கடைசியாக, பிரித்தானியக் கொடியின் நிறங்கள்: ஓரத்தில் அகலச் சிவப்பு, அடுத்து நீலம், நடுவில் மெல்லிய சிவப்பு, அதற்கு இருபுறமும் மெல்லிய வெள்ளை. இது 1939–1945 போர்ப் பதக்கம், நான் கழுவிக் கெடுத்தது இதைத்தான். 28 நாள் முழுநேரச் சேவை போதும் என்பதால் சேர்ந்த எல்லோருக்கும் பொதுவாக இது கிடைத்தது. இதன் மேல் சிறிய வெண்கல ஓக் இலை ஒன்று இருந்தால் மிகக் கவனம். படைத் தளபதியின் அறிக்கையில் அவருடைய பெயர் சிறப்பாகக் குறிப்பிடப்பட்டது என்பதன் அடையாளம் அது.

கோடுகள் இருக்கும் திசையும் வரிசையும் முக்கியம். 1939–45 நட்சத்திரத்திலும் ஆபிரிக்க நட்சத்திரத்திலும் கருநீலம் நெஞ்சின் நடுப்பக்கம் வர வேண்டும், எதிரே நின்று பார்க்கிற உங்களுக்கு அது இடது கைப்பக்கம். பல நாடாக்கள் சேர்ந்த பட்டை என்றால் அதே இடப்பக்கத்திலிருந்து 1939–45 நட்சத்திரம், ஆபிரிக்கா, பர்மா, பாதுகாப்புப் பதக்கம், போர்ப் பதக்கம் என்று வரும். வரிசை தலைகீழாக இருந்தால் பட்டையைத் திருப்பிப் பிடித்திருக்கிறீர்கள், அல்லது பிற்காலத்தில் யாரோ அவிழ்த்துத் தைத்திருக்கிறார்கள்.

நட்சத்திரங்கள் எல்லாம் ஆறு முனை, ஒரே மஞ்சள் உலோகம், நடுவில் ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் முடியும் எழுத்தும். சுற்றிவர உள்ள பெயர் மட்டும்தான் வேறு. பிள்ளைகள் விளையாடி நாடாவை மாற்றிக் கோர்த்திருக்கலாம், ஆகவே நட்சத்திரத்தில் உள்ள பெயரையும் நாடாவின் நிறத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒத்துவராவிட்டால் நீங்களாக மாற்றாமல், முதலில் இருந்தபடி படம் எடுத்துவிட்டு யோசியுங்கள்.

நிறம் மங்கிப்போயிருந்தால் என்ன செய்வது? முன்பக்கத்தைப் பார்த்து மினக்கெடாதீர்கள். பின்பக்கத்தைப் பாருங்கள், மடித்துத் தைத்த உட்புறத்தை நுனிவிரலால் மெல்லத் தூக்கிப் பாருங்கள், வெயில் படாத அந்த அரை அங்குலத்தில் பழைய நிறம் அப்படியே இருக்கும். தையலை வெட்ட வேண்டாம். அந்தத் தையலே அவருடைய கையாக இருக்கலாம்.

நாடா பழையதா, பிறகு மாற்றியதா என்று சந்தேகம் வந்தால் கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கை இருட்டில் பிடித்துப் பாருங்கள். போர்க்காலத்துப் பருத்தி நூல் மங்கலாகவே கிடக்கும், பிற்காலச் செயற்கை நூல் பளிச்சென்று ஒளிரும். ஆனால் சலவைத்தூளில் கழுவிய பழைய நாடாவும் ஒளிரும், ஆகவே இதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது.

வேறு நிறங்கள் வந்தால்

வானவில் போல இருந்து நடுவில் சிவப்பில் சேர்ந்தால் அது முதலாம் உலகப் போரின் வெற்றிப் பதக்கம். ஐக்கிய நாடுகளின் இளநீலம் தெரிந்தால் அமைதிப்படைப் பணி. அந்த இளநீலத்துக்கு ஓரம் மட்டும் வெள்ளையாக இருந்தால் அது ஐ.நா.வின் சிறப்புச் சேவைப் பதக்கமாக இருக்கலாம், தனிப் பதக்கம் இல்லாத பணிகளுக்கு அனுப்பப்பட்டு குறைந்தது 90 நாள் சேவை செய்தவர்களுக்கானது. வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் அனுப்பிய பொருட்களோடு அமெரிக்க நாடாக்களும் வரும். அங்கே சில கௌரவங்களுக்குப் பதக்கமே கிடையாது, நாடா மட்டும்தான். அவர்களின் கரையோரக் காவல் படை சிறப்பு நடவடிக்கைகளுக்குக் கொடுக்கும் சேவை நாடா அப்படிப்பட்டது. அதற்குப் பதக்கம் எங்கே என்று தேடி அலைய வேண்டாம்.

உலோகத்தைத் தொடாதீர்கள், குறிப்பாகப் புளியால்

நம்ம வீடுகளில் பித்தளை என்றால் புளியும் சாம்பலும். குத்துவிளக்குக்கு அது சரி. பதக்கத்துக்கு அது விஷம். புளியின் அமிலம் மேற்பரப்பை அரிக்கும், சாம்பல் கீறும், ஈரம் நாடாவில் ஏறி உலோகக் கறையைப் பச்சையாக இறக்கும். கடையில் விற்கும் மினுக்கும் திரவமும் அப்படித்தான். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் முதலாம் உலகப் போர்ப் பதக்கத்தை நகைக் கடை ஒன்றில் கொடுத்து மினுக்குவித்தார்கள். தங்கம்போலப் பளபளத்து வந்தது. விளிம்பில் கொத்தியிருந்த இலக்கமும் பெயரும் பாதி தேய்ந்துபோயின. அந்தப் பெயருக்காகத்தான் அது பெறுமதி, அதைத்தான் தேய்த்துவிட்டார்கள்.

இதில் ஒரு விஷயத்தை ஊன்றிக் கவனியுங்கள். முதலாம் உலகப் போர்ப் பதக்கங்களின் விளிம்பிலோ, நட்சத்திரம் என்றால் பின்பக்கத்திலோ உரியவரின் பெயர் இருக்கும். இரண்டாம் உலகப் போருக்கு பிரித்தானியா தன் படையினருக்குக் கொடுத்தவற்றில் பெயர் இல்லை. அவை பெருந்தொகையாக வார்க்கப்பட்டவை, ஒன்றைப்போல ஒன்று. உங்கள் வீட்டை விட்டு வெளியே போன நிமிஷமே அது யாருடையதும் இல்லாத உலோகத் துண்டு. பெயரைச் சேர்த்து வைக்கக் கூடிய ஒரே ஆட்கள் நீங்கள்தான். அதற்கு வழி கடைசியில் சொல்கிறேன்.

பச்சைப் பூஞ்சணம்போல செம்புக் கறை பிடித்திருந்தால், நாடாவில் படாமல் மரத்தாலான பல்லுக்குத்தும் குச்சியால் உலர்வாக மெல்லத் தட்டி எடுங்கள். தூசிக்கு மென்மையான சிறு தூரிகை. அதோடு நிறுத்திவிடுங்கள். மங்கல் நிறம் அழுக்கல்ல, அது வயது.

வைக்கும் முறை

வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறோம், உப்புக்காற்றும் ஈரமும் எப்போதும் உண்டு. ஆகவே காலத்தைத் தெரிவு செய்யுங்கள். மாரியில் பெட்டியைத் திறக்காதீர்கள். கச்சான் காற்று வீசும் ஜூன், ஜூலையில், நல்ல காய்ச்சலான ஒரு நாள் மத்தியானம் திறவுங்கள். கையைக் கழுவி நன்றாகத் துடைத்து, தேங்காயெண்ணெய் பூசிய தலையைத் தொடாமல் வேலை செய்யுங்கள். நேர் வெயிலில் காயப்போட வேண்டாம், நிழலில் காற்றுப் படட்டும், அரை நாள் போதும்.

நாடாவில் இராமபாணப் பூச்சியோ அந்து தின்ற ஓட்டையோ தெரிந்தால் மருந்து அடிக்காதீர்கள். துணியில் சுற்றி, காற்றுப் போகாத பையில் கட்டி, குளிர்சாதனப் பெட்டியின் உறைநிலைத் தட்டில் இரண்டு கிழமை வையுங்கள். வெளியே எடுத்த பிறகு பையை உடனே திறக்கக் கூடாது, ஒரு நாள் முழுக்கச் சாதாரண சூட்டுக்கு வர விடுங்கள், இல்லாவிட்டால் குளிர்ந்த துணியில் நீர் பூத்துவிடும். பதக்கத்தோடு தைத்திருந்தால் இதைச் செய்யாதீர்கள், தனி நாடாவுக்கு மட்டும்.

சுற்றுவதற்குப் பல முறை தோய்த்த, கஞ்சி போடாத வெள்ளைப் பருத்தித் துணி நல்லது. பழைய வேட்டித் துண்டு மிக நல்லது. பத்திரிகைக் கடதாசி கூடாது, அதன் அமிலம் துணியை மஞ்சளாக்கி நொறுக்கும். றப்பர் வளையம் கூடாது, கந்தகம் இருப்பதால் உலோகம் கறுக்கும். ஒட்டும் நாடா கூடவே கூடாது. மெத்தென்ற பிளாஸ்டிக் உறை, குறிப்பாக நாள் போனால் ஒட்டுகிற வகை, வேண்டாம். நப்தலீன் உருண்டையைத் துணியோடு முட்ட வைக்காதீர்கள். சப்பாத்துப் பெட்டியிலும் மருந்துப் போத்தலிலும் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொதிகளைச் சேர்த்து வைத்து இரண்டு மூன்றை உள்ளே போடுங்கள். இரும்பு ஊசி குத்தியிருந்தால் அது துருப்பிடித்து நாடாவைத் தின்னும், ஊசியில் இருந்து துணி பிரியக் கூடியதாக இருந்தால் பிரித்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட ஆசையாக இருக்கும். மாட்டுவதென்றால் வெயில் வராத சுவரில், புதிய நாடாவை வாங்கிப் பதக்கத்துக்குப் போட்டு மாட்டுங்கள். 32 மில்லிமீற்றர் புதிய நாடா அந்தந்த நிறத்தில் இப்போதும் நெய்து விற்கிறார்கள். பழையது பெட்டியில் இருக்கட்டும். நினைவு நாளில் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் குத்திக்கொள்வதென்றால் பிரித்தானிய வழக்கப்படி வலது நெஞ்சில் குத்த வேண்டும். இடது நெஞ்சு உரியவருக்கு.

பெயரைச் சேர்ப்பது

இதுதான் நான் மேலே சொன்ன வேலை. எல்லாவற்றிலும் முக்கியமானது இது, ஆனால் எல்லோரும் விட்டுவிடுவதும் இதைத்தான்.

வீட்டில் மூத்தவர்களிடம் போய் “அவர் எந்த வருஷம் பட்டாளத்தில் சேர்ந்தவர்” என்று கேட்டால் பதில் வராது. நம்ம ஆட்கள் வருஷத்தை இலக்கத்தில் வைத்திருப்பதில்லை. இப்படிக் கேளுங்கள்: “ஹேர்மிஸ் கப்பல் தாண்ட நேரம் அவர் ஊரிலயா இருந்தவர்?” 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் நம்ம கடலில் மூழ்கடித்த விமானந்தாங்கிக் கப்பல் அது. அதோடு வந்த வம்பயர் என்ற கப்பலும், அதே கடலில் நின்ற ஹொலிஹொக் என்ற கப்பலும் போயின, ஹேர்மிஸில் மட்டும் 307 பேர் இறந்தார்கள், வைற்றா என்ற மருத்துவக் கப்பல் சுமார் 600 பேரைக் காப்பாற்றியது. அது நடந்த நாளைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்னும் கல்லடியிலும் பாலமீன்மடுவிலும் இருக்கிறார்கள். அதற்கு முன்னா பின்னா என்று தெரிந்தால் நாடாவின் காலத்தோடு பொருத்தலாம். பிறகு 57 வெள்ளம், சூறாவளி வருஷம் என்று கேட்டுக்கொண்டே வாருங்கள். அந்த வெள்ளத்துக்கு முன்னம் பென்சன் வந்ததா, சூறாவளியில் கடதாசி போனதா என்பது தானாக வரும். காத்தான்குடியில் ஒரு நண்பர் தன் மூத்தவாப்பாவைப் பற்றி இப்படிக் கேட்டே, ஆள் எந்த வருஷம் திரும்பி வந்தார் என்பதை இரண்டு மணித்தியாலத்தில் பிடித்துவிட்டார். மூத்தவர்கள் சொல்வதைக் கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள், பெயர்களை நடுவில் திருத்தாதீர்கள், சொல்ல விடுங்கள்.

சேவையில் இறந்தவர் என்றால் பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணைக்குழுவின் பட்டியலில் இணையத்தில் இலவசமாகத் தேடலாம். பெயரைப் பலவிதமாக எழுதித் தேடுங்கள், நம்ம பெயர்களை அந்த எழுதுவினைஞர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள்.

அடுத்து படம். காலை வெளிச்சத்தில், பக்கத்தில் அடிமட்டம் வைத்து, முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு, தையல், எல்லாம். படத்தை எல்லாச் சகோதரங்களுக்கும் அனுப்புங்கள். இதைச் செய்தால் பங்கு பிரிக்கும் சண்டையும் குறையும். நான்கு பதக்கம், நான்கு பிள்ளைகள், ஆளுக்கொன்று என்று பிரித்த வீடுகளை எனக்குத் தெரியும். ஒரு தலைமுறைக்குள் அவை எதுவும் யாருடையது என்று தெரியாமல் போய்விடும். ஒருவரின் கையில் முழுத் தொகுதியும் இருக்கட்டும், மற்றவர்களுக்குப் படமும் எழுத்தும்.

எழுத்து என்றால், பருத்தித் துணிப் பட்டி ஒன்றில் பென்சிலால் எழுதுங்கள், பேனை மை ஈரத்தில் கலங்கும். முழுப்பெயர், பிறந்த ஊர், எந்தப் படைப்பிரிவு என்று தெரிந்தால் அது, எந்த நாடா, யார் சொன்னது, எந்தத் தேதியில் கேட்டது. உறுதியில்லாததற்குப் பக்கத்தில் “அம்மம்மா சொன்னது” என்று எழுதினால் போதும். அந்தப் பட்டியை நாடாவில் குத்தாமல், அதே துணிக்குள் மடித்து வையுங்கள். என் அம்மப்பாவின் ரோசா நிறமான நாடாவோடு இருக்கும் பட்டியில் நான் கழுவிய வருஷத்தையும் எழுதியிருக்கிறேன், பிறகு பார்க்கிறவர்கள் அது வேறு ஏதோ பதக்கம் என்று நினைத்துத் தேடக் கூடாது என்பதற்காக. ஒவ்வொரு வருஷமும் கச்சான் காலத்தில் ஒரு தடவை திறந்து, ஈரம் உறிஞ்சும் பொதிகளை மாற்றிவிட்டு மூடிவிடுகிறேன்.